ஏழாம் நிரைக்கு வந்த கீனா மரம்

மேல்காட்டிலிருந்து கீனா மரம் ஒன்று இறங்கி வந்து தெய்வானையின் நிரையில் நின்ற அந்த ஆடிச் செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு முதலில் வந்தது ஆச்சரியமில்லை, எரிச்சல்தான். விடிந்ததும் விடியாததுமாக ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்து, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, ஆடும் ஏறத் தயங்கும் ஏற்றத்தில் ஏறி ஆறாம் நம்பர் தேயிலை மலைக்கு வந்து சேர்கிற ஒருத்திக்கு, நேற்று மாலைவரை இல்லாத மரம் தேயிலைக்கு நடுவில் நின்றால் வேறென்ன வரும். முக்காட்டுமலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை உண்டு; அந்த நிரையைக் கீழிருந்து மேலே கிள்ளிக்கொண்டே போக வேண்டும், மற்றவள் நிரையில் கை வைக்கக் கூடாது. எட்டாம் நிரை என்னுடையது. ஏழாம் நிரை தெய்வானையுடையது. மரம் ஏழாம் நிரையின் அடியில், எங்களைப் போலவே மேட்டைப் பார்த்தபடி நின்றது.

அடிமரம் பிழிந்து போட்ட சேலை மாதிரி முறுக்கியிருந்தது. கிளைகளிலெல்லாம் பாசி தொங்கியது, தடித்த இலைகள் எண்ணெய் தேய்த்தது போல மினுங்கின. கச்சான் காற்று வானத்தைத் துடைத்துப் போட்டு, தேயிலையைக் கருக்கி, பீலிக் குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீரை நூலாக்கி வைத்திருந்த அந்த வறட்சியில், மரத்தின் தலைக்கு மேல் மட்டும் ஒரு துண்டு மேகம் முக்காடு போட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாகச் சொட்டியது. உச்சிக் காட்டில், எந்நேரமும் பனி மூடிய இடத்தில், வருஷம் முழுக்கப் பச்சை மாறாமல் இந்த மரங்கள் நிற்பது விறகுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றுகூட இதுவரை வேலைக்கு வந்ததில்லை.

மருதவீரன் கங்காணி மட்டக்கம்பைக் கையில் பிடித்தபடி வந்தார். செடியின் தலை ஒரே மட்டமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் கம்பு அது. அவர் கையில் அது இல்லாத நேரம் அவர் கங்காணியில்லை, வெறும் மருதவீரன்.

"யாரு இது நெரையில?" என்றார்.

"தெய்வானை நெரைங்க கங்காணி," என்றேன்.

"அது எனக்குத் தெரியும் சிகப்பாயி. நிக்கிறது யாருன்னு கேட்டேன்."

"தெய்வானைக்குப் பதிலா வந்திருக்கும்," என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்ததைச் சொன்னேன். என் வாய் அப்படித்தான், எனக்கு முன்னால் எழுந்து போய்விடும்.

கங்காணி மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார், மட்டக்கம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சரி, நேரமாவுது. பொலி சொல்லுங்க," என்றார். நாங்கள் எல்லோரும் முதல் கொழுந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் வழக்கப்படி "பொலி, பொலி" என்று கூவினோம். மரத்தின் இலைகளும் சலசலத்தன. அதோடு அந்தப் பேச்சு முடிந்து வேலை தொடங்கியது.

தெய்வானை ஏன் அங்கே இல்லை என்றால், ஆனி மாதத்தில் இதே மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் சில்லு விலகிப்போய், மூன்று மாதம் ஏற்றம் ஏறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புருஷன் சிவனு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். இருப்பது ஒரே மகள் பவானி. பதினெட்டு வயசு, ஆவணியில் உயர்தரப் பரீட்சை, காம்பரா என்று நாங்கள் சொல்லும் பதினாறு ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் அந்தப் படிப்பு வரைக்கும் போனவள் அவள் ஒருத்திதான். தோட்டத்தின் சட்டம் என்னவென்றால், லயத்துக் காம்பராவில் குடியிருக்க வேண்டுமானால் அங்கிருந்து ஒருவராவது பிரட்டில் பேர் கொடுக்க வேண்டும்; முப்பது நாள் யார் பேரும் விழவில்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை இருபத்தொன்பதாம் நாள். புதன்கிழமை காலையில் பவானி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அம்மாவின் கூடையைத் தூக்குவதாக இருந்தது. ஒரு முறை தூக்கினவள் இறக்கி வைத்ததை எங்கள் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. அதனால் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தோம்.

மரம் எப்படிக் கொழுந்து கிள்ளியது என்று எல்லோரும் பிற்பாடு என்னிடம்தான் கேட்டார்கள், பக்கத்து நிரைக்காரி நான் என்பதால். நான் பார்க்கவில்லை. பக்கத்து நிரைக்காரியின் கையைப் பார்ப்பது எங்களிடம் மரியாதையில்லை. அவள் வேகமாக எடுத்தால் கண் பட்டுவிடும், மெதுவாக எடுத்தால் மனசு நொந்துபோவாள். நான் குனிந்து நிமிர்ந்தபோது அது இரண்டு செடி மேலே போயிருந்தது, மறுபடி குனிந்து நிமிர்ந்தபோது இன்னும் இரண்டு செடி. மத்தியானம் நாங்கள் ரொட்டியும் சம்பலும் தின்ன உட்கார்ந்தபோது அதுவும் நின்றுவிட்டது. அதன் நிழலில் உட்கார்ந்தவர்களுக்கு அன்றைக்குத் தலைத்துணி நனைந்தது, அந்தக் கச்சானில் அது எத்தனை சுகமென்று சொல்லி முடியாது. மாலையில் நிரையின் தலைமாட்டில் இரண்டு இலையும் மொட்டுமாக, ஒரு முற்றல் இலை கலக்காமல், ஈரமாக, குவியலாகக் கொழுந்து கிடந்தது. நான்தான் அதை அள்ளிக் கூடையில் போட்டு மடுவத்துக்குத் தூக்கிப் போனேன்.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் சவரிமுத்து கணக்கப்பிள்ளை நல்ல மனுஷன், சட்டத்துக்குப் பயந்தவர், அதைவிட அதிகமாகத் தெய்வானையின் கண்ணீருக்குப் பயந்தவர். "ஒருத்திக்கு முடியலன்னா வீட்டாள் யாராவது நெரையில நிக்கலாம்னு பழைய வழக்கம் இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நின்னுச்சா?"

"காலையிலேர்ந்து நின்னுச்சுங்க ஐயா. ஒக்காரக்கூட இல்ல."

"அப்ப பேர் விழுந்துருச்சு," என்று தெய்வானையின் பேருக்கு நேராக ஒரு கோடு போட்டார்.

நான் ஓட்டமும் நடையுமாக லயத்துக்குப் போய்த் தெய்வானையிடம் சொன்னேன். அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மரம் வந்ததைக் கேட்டாள், பேர் விழுந்ததைக் கேட்டாள், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்ன மரம்க்கா?"

"கீனா."

அவள் கை பயறுக்குள் அப்படியே நின்றது. பிறகு, "பவானி, பெரியம்மாவுக்குத் தேத்தண்ணி ஊத்து. ஊத்திட்டு நீ போய்ப் படி," என்றாள். அவள் முகத்தில் நான் பார்த்தது சந்தோஷமா வெட்கமா என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

மறுநாளும் மரம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, ஞாயிறு யாருக்கும் வேலையில்லை என்பது அதற்கும் தெரிந்திருந்தது. அது நடந்து ஏறிய இடமெல்லாம் மேகம் சொட்டி, பத்து நாளில் ஆறாம் நம்பர் மலை மட்டும், கருகிக் கிடந்த மற்ற மலைகளுக்கு நடுவே, தளிர்த்துப் பச்சையாய் நின்றது. மற்ற மலைகளில் கொழுந்தில்லாமல் புல் வெட்டிக்கொண்டிருந்தவர்களையும் எங்கள் மலைக்கு அனுப்பினார்கள், அவர்களும் வந்தார்கள், பாட்டும் வந்தது, கேலியும் வந்தது, கூடவே காட்டு அட்டைகளும் வந்தன. மரம் ஊரிலிருந்து வரும்போது சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டதென்று சொல்லிக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டோம். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாதவர்கள் மரத்தைச் சுற்றி வந்தார்கள், தலைவலிக்காரர்கள் இலைச் சொட்டைத் தலையில் வாங்கிக்கொண்டார்கள். மருதவீரன் கங்காணி மட்டக்கம்பை மரத்தின் கிளையில் மாட்டி வைக்கப் பழகிவிட்டார், வேலை நேரத்தில் அவர் அதைத் தன்னை விட்டு இறக்கி நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் வாரம் கோயில் கமிட்டிக்காரர்கள் மஞ்சளும் சிவப்புத் துணியும் சூலமும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள். ஆடிச் செவ்வாயில் வந்தது அம்மன்தான், இனிமேல் யாரும் செருப்போடு ஆறாம் நம்பர் மலைக்குள் வரக் கூடாது என்று சொன்னார்கள். எங்கள் மலைகளில் கொழுந்துக்கு ஒரு சாமி உண்டு, செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்கு ஒரு சாமி உண்டு, தேயிலை ஸ்டோரின் சக்கரத்துக்குக்கூட ஒரு சாமி உண்டு, ஆகவே இதிலொன்றும் தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது. தெய்வானை லயத்திலிருந்து பவானியிடம் சொல்லி அனுப்பினாள்.

"சாமியாக்குனா அது வேலைக்கு வராதாம். சாமிக்கு வருஷம் பூரா லீவு, திருவிழாவுக்கு மட்டும்தான் வெளிய வரும்னு அம்மா சொல்லச் சொன்னாங்க," என்றாள் பவானி.

கமிட்டிக்காரர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. சிவப்புத் துணியை மடித்துக்கொண்டு, சூலத்தையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். மஞ்சளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள், அதை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம்.

வந்தது வந்தோம் என்று பவானி அன்றைக்குப் புத்தகத்தோடு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். தாவரமெல்லாம் படிக்கிறவள் அவள். ஒரு இலையை எடுத்து வெயிலில் பிடித்து, அதன் நரம்புகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக ஓடுவதைக் காட்டினாள். "பெரியம்மா, இந்த மரம் ஒலகத்துல வேற எங்கயும் அதிகமா இல்ல. நம்ம தீவுல, எந்நேரமும் நனைஞ்சு கெடக்குற மலைக்காட்டுலதான் வளரும். நம்ம மாதிரி வந்து சேந்தது இல்ல, இங்கயே பொறந்தது," என்றாள். சாயங்காலம் அதையே அவள் அம்மாவிடமும் சொன்னாளாம். தெய்வானை, "நான் எங்க பொறந்தேன்னு நெனச்ச?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம்.

இனிமேல் நான் சொல்லப்போவது எங்கள் முட்டாள்தனம். ஆனால் அந்த முட்டாள்தனத்தை நாங்கள்தான் செய்ய முடியும், வேறு எந்த ஊர்க்காரரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் சனம் பிறர் பேரில் வாழ்ந்த சனம். கப்பலேறி வந்த நாளில் எழுதியவன் காதில் விழுந்ததே எங்கள் பேராயிற்று. செத்துப்போன அக்காவின் பேரில் முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவள் எங்கள் லயத்திலேயே இருந்தாள், அவள் சாகும்போது எந்தப் பேரைச் சொல்லி அழுவதென்று தெரியாமல் நாங்கள் "அம்மா, அம்மா" என்றே அழுதோம். பத்திரமில்லை, பதிவில்லை, நீ யார், உன் ஊர் எது, கடலுக்கு அந்தப் பக்கம் போ என்று எத்தனையோ தடவை கேட்டும் விரட்டியும் பார்த்துவிட்டார்கள். அப்படிப்பட்ட எங்களுக்கு, ஒரு மரம் காலையிலிருந்து மாலைவரை வேலை செய்ய, பேர் மட்டும் தெய்வானைக்கு விழுவது தாங்கவில்லை. பேச்சைத் தொடங்கியது நான்தான், என் வாய்தான். "பாவம், அதுக்குன்னு ஒரு பேர் வேணாமா?" என்றேன்.

தொழிற்சங்கத் தலைவர் பன்னீருக்கு அது போதும். அடுத்த பிரட்டிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உழைப்பவருக்குச் சொந்தப் பேர் என்று அரை மணி நேரம் பேசினார். நாங்கள் கை தட்டினோம். சவரிமுத்து கணக்கப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விக்கெல்லாம் கூட்டமே பதில் சொன்னது. பேர், கீனாம்மா. தகப்பன் பேர், முக்காட்டுமலை. பிறந்த தேதி, ஜனவரி ஒன்று. எங்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிறந்த தேதி, தெரியாதவர்களுக்கெல்லாம் ஆபீசில் அதைத்தான் போடுவார்கள். வயசு முப்பத்திரண்டு என்று எழுதினார், பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது என்றார். ஏழாம் நிரையில் தெய்வானை பேரை அடித்து, கீனாம்மா என்று எழுதினார். மறுநாள் பிரட்டில் முதல் தடவையாக "கீனாம்மா" என்று கூப்பிட்டபோது மேலே ஆறாம் நம்பர் மலையிலிருந்து ஈரக் காற்று ஒன்று இறங்கி வந்து எங்கள் தலைத்துணிகளை எல்லாம் தூக்கியது. நாங்கள் சிரித்தோம், சிலர் அழுதோம். அத்தனை சந்தோஷம்.

அப்போது புதுத் துரை வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தோட்டத்துக்கு முழுப் பொறுப்பு அவர்தான். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். சட்டப் புத்தகத்தைச் சாமிப் புத்தகம் மாதிரி துணி சுற்றி வைத்திருப்பவர், தமிழையும் புத்தகத்தில் படித்தவர், அதனால் அவர் பேசினால் கடிதம் வாசித்த மாதிரி இருக்கும். மலை பார்க்க வந்தவர், வரைபடத்தில் இல்லாத மரத்தைக் கண்டு, வெட்டச் சொல்லிக் கவ்வாத்துக்காரர் இரண்டு பேரை வாளோடு அனுப்பினார். அவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள்.

"பேர் இருக்குற ஆளை வெட்டலாங்களா ஐயா?" என்று கேட்டார்கள்.

துரை புத்தகத்தைப் பிரித்தார். பேர் பதிந்த தொழிலாளியை வெட்டலாம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. "வெட்ட முடியாது," என்று ஒத்துக்கொண்டார். நாங்கள் அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். ஆனால் திறந்த புத்தகத்தை அவர் மூடவில்லை, அடுத்த பக்கத்தையும் வாசித்திருக்கிறார். பொங்கல் சட்டி கழுவும் நேரத்தில் தெய்வானை வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது, பவானி வாசித்தாள்.

ஏழாம் நிரையின் பேர் கீனாம்மாவுடையது. ஒன்பதாம் காம்பரா அந்தப் பேருக்கு உரியது. தொழிலாளியும் தொழிலாளியின் குடும்பமும் தவிர மற்றவர் காம்பராவில் இருக்கக் கூடாது. ஆகவே தெய்வானையும் மகளும் திங்கட்கிழமை காலைக்குள் காம்பராவை விட வேண்டும், அல்லது அவர்களில் ஒருவர் அன்று பிரட்டில் புதிதாகப் பேர் கொடுக்க வேண்டும்.

பவானி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். சுவரில் தொங்கிய கூடையை எடுத்தாள், கயிற்றை நெற்றியில் வைத்து நீளம் பார்த்தாள். அவளுக்கு அது சரியாகப் பொருந்தியது. அதைப் பார்த்த தெய்வானை வாயைத் திறக்காமல் அழுதாள், நான் வாயைத் திறந்தே அழுதேன். பரீட்சைக்கு எட்டு நாள்தான் இருந்தது. கெடுத்தது நான். அடுத்தவளின் பேரைப் பறித்துக் கொடுத்துவிட்டு அதற்குப் பொங்கலும் வைத்திருக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க லயத்தில் ஒரு அடுப்பும் சரியாக எரியவில்லை. பன்னீர் தலைவர் துண்டை உதறாமல் வந்து, உதறாமல் போனார்.

திங்கட்கிழமை விடிந்து கதவைத் திறந்தவர்களுக்கு லயத்து வாசல் தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. ஒன்பதாம் காம்பராவின் முன்னால் கீனாம்மா நின்றது. படியில் வேரை வைத்து, தகரக் கூரைமேல் தலையைச் சாய்த்து, ஒரு கிளையை மட்டும் கதவுக்குள் நீட்டி, காம்பரா கிடைத்துவிட்டதாமே என்று கேள்விப்பட்டுக் குடியேற வந்தவளைப் போல நின்றது. எங்கள் கோழிகள் அதற்குள் அதில் ஏறிவிட்டன. கூடையோடு வெளியே வந்த பவானி, கிளை மறித்ததால் வாசற்படியிலேயே நின்றாள். ஒரு பக்கம் குனிந்து பார்த்தாள், மறு பக்கம் பார்த்தாள், வழியில்லை.

எங்களைப் பிரட்டில் காணாமல் துரையே லயத்துக்கு வந்துவிட்டார், பின்னால் சவரிமுத்து கணக்கப்பிள்ளையும் பேரேட்டோடு வந்தார். துரை மரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"கீனாம்மா குடியேறுவதில் எனக்கு மறுப்பில்லை," என்றார். "அது அவருடைய உரிமை. ஆனால் இந்த இருவரும் அவருக்கு என்ன உறவு? உறவென்றால் பத்திரம் இருக்க வேண்டும்."

பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் லயமே தலையைக் குனிந்தது. அந்தச் சொல்லுக்குக் குனிந்து எங்களுக்குப் பழக்கம். ஒருத்தி மட்டும் குனியவில்லை. தெய்வானை கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, கிளையைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை இழுத்து வாசலுக்கு வந்தாள். அவள் கையில் பழைய பிஸ்கட் தகரம் இருந்தது.

"இருக்குங்க ஐயா," என்றாள். "பவானி, வாசி. சத்தமா வாசி."

அந்தப் பிறப்புப் பத்திரத்தை எனக்குத் தெரியும், எங்கள் வயசுக்காரர் எல்லோருக்கும் தெரியும். தெய்வானையைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், அன்றிலிருந்து கல்யாணம் வரைக்கும் "மரத்துக்குப் பொறந்தவ" என்றே அவளைக் கூப்பிட்டோம். அவள் அதை வாங்கித் தகரத்துக்குள் போட்டு மூடினவள், பெற்ற மகளுக்குக்கூடக் காட்டவில்லை. இப்போது பவானி அதைப் பிரித்தாள், முதலில் தனக்குள் வாசித்தாள், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள், பிறகு சத்தமாக வாசித்தாள்.

"பேர், தெய்வானை. தாய் பேர், அங்கம்மா. பிறந்த இடம், மேல்காடு, கீனா மரத்தடி. பிரசவம் பார்த்தவர், மேற்படி மரம்."

யாரும் சிரிக்கவில்லை.

"எங்கம்மா நிறை மாசத்துல வெறகுக்குப் போனாங்க," என்றாள் தெய்வானை. "பனிக்குள்ள வலி வந்துருச்சு. கூப்பிட்டா கேக்குற தூரத்துல ஆளில்ல. மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுப் பெத்தாங்க. கீழ வந்தப்ப தலையில வெறகுக் கட்டு, மடியில நான். யாரு பாத்தாங்கன்னு ஆபீசுல கேட்டாங்க. மரந்தாங்க ஐயான்னு சொன்னாங்க. எழுதுனவர் வெளையாட்டுக்கு எழுதுனாரோ, சொன்னதை எழுதுனாரோ, தெரியாதுங்க. எழுதிட்டாரு."

துரை பத்திரத்தை வாங்கினார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். "மருத்துவச்சி என்று இருக்கிறது. மருத்துவச்சி குடும்பமாகுமா?" என்று கேட்டார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

என் வாய் மறுபடி எனக்கு முன்னால் எழுந்தது. இந்தத் தடவை நான் அதைத் தடுக்கவில்லை. "ஐயா, பெத்தவ தனியாத் துடிக்கையில கட்டிப் புடிக்க நின்னு தாங்குனது யாருங்க? இத்தன வருசம் சும்மா நின்னது, இவ கால் முடியாமப் போனதும் எறங்கி வந்தது யாருங்க? நாங்கள்லாம் பக்கத்துக் காம்பரா. இருபத்தொம்போது நாள் பேசாம இருந்தோம். ஒரு ஆளு வரல. வந்ததைப் போய் ஒறவு இல்லங்கிறீங்க," என்றேன். சொல்லி முடித்தபோதுதான் நான் திட்டியது துரையை அல்ல, எங்களை என்று எனக்கே தெரிந்தது.

துரை புத்தகத்தைப் பிரித்தார். மேகம் சொட்டியது, ஒரு சொட்டு பக்கத்தில் விழுந்தது, அவர் கைக்குட்டையால் ஒற்றிவிட்டு வாசித்தார், இன்னொரு சொட்டு விழுந்தது.  கடைசியில் விரலை ஒரு வரியில் வைத்து நிமிர்ந்தார்.

"உறவுக்குச் சான்று பிறப்புப் பத்திரம் என்றுதான் எழுதியிருக்கிறது," என்றார். "பத்திரத்தில் இவர் பேர் இருக்கிறது. கணக்கப்பிள்ளை, கீனாம்மாவின் குடும்பம் என்ற இடத்தில் எழுதுங்கள். தெய்வானை." பிறகு வழக்கமான தன் கடிதக் குரலில் அல்லாமல், மெதுவாகக் கேட்டார். "உறவு என்ன என்று எழுதலாம்?"

தெய்வானை கிளையைப் பிடித்தபடி நின்றாள். சின்ன வயசிலிருந்து நாங்கள் எந்தப் பேரைச் சொல்லி அவளைக் கேலி செய்தோமோ, அந்தப் பேரை அவள் எங்கள் எல்லோர் முன்னாலும் தானே எடுத்துக்கொண்டாள்.

"மகள்னு எழுதுங்க ஐயா," என்றாள்.

சவரிமுத்து எழுதினார். அவர் எழுதி முடிக்கவும் கூரைமேல் சாய்ந்திருந்த கிளைகளில் மொட்டெல்லாம் வெடித்து வெள்ளைப் பூவாயிற்று, பதினாறு காம்பராவுக்கும் வாசனை அடித்தது. புது வீடு குடிபோகிறவர்கள் பால் காய்ச்சுவது வழக்கம் என்பதால் நாங்கள் உடனே அடுப்பை மூட்டிப் பால் காய்ச்சினோம், முதல் தம்ளரை வேரில் ஊற்றினோம், இரண்டாம் தம்ளரைத் துரைக்குக் கொடுத்தோம். அவர் நின்றபடியே குடித்தார். மேலுதட்டில் பாலாடையோடு அவர் படியிறங்கிப் போனதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். பவானி கூடையைச் சுவரில் மாட்டினாள்.

அன்றிலிருந்து பகலில் மரம் ஏழாம் நிரையில் நின்றது, மாலையில் லயத்துக்கு வந்தது. அதன் ஈரத்தில் எங்கள் கிணற்றடிப் பாதையெல்லாம் பாசி படிந்து இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள், அதற்காகச் சண்டையும் போட்டோம்; குடியிருப்பென்றால் சண்டையில்லாமல் இருக்குமா. பவானி அதன் வேரில் உட்கார்ந்து படித்து, அதன் பூவொன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆவணியில் எல்லாப் பரீட்சையும் எழுதினாள். தாவரவியல் பேப்பரில் மலைக்காட்டு மரம் ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்களாம். மேலதிகத் தாள் மூன்று வாங்கினேன் பெரியம்மா என்றாள்.

புரட்டாசியில் தெய்வானையின் காலில் கட்டு அவிழ்த்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அவள் கூடையை மாட்டிக்கொண்டு பிரட்டுக்கு வந்தபோது வாசலில் மரமில்லை, படியில் ஈரமும் பூவும்தான் கிடந்தன. மேலே ஏழாம் நிரையும் காலியாக இருந்தது, அடுத்த மழை அன்றைக்கே தொடங்கிவிட்டதால் மலைகளெல்லாம் ஒரே பச்சையாக இருந்தன. சவரிமுத்து பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஏழாம் நிரைக்கு அன்று காலைதான் மறுபடி எழுதிச் சேர்த்த பேரைக் கூப்பிட்டார், தெய்வானை, என்றார். அவள் குரல் கொடுத்தாள். பழக்கத்தில் அடுத்த வரியையும் வாசித்துவிட்டார்.

"கீனாம்மா."

 துரைகூடப் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். எத்தனையோ வருஷமாக எங்களைப் பார்த்து ஊர் எது ஊர் எது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நாங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிப் பழகியிருந்தோம். தெய்வானை கூடைக் கயிற்றைச் சரி செய்துகொண்டு, தோட்டத்துக்கு மேலே மேகம் முக்காடு போட்டிருந்த உச்சியை நோக்கிக் கையைக் காட்டினாள்.

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க ஐயா," என்றாள். "வந்துருவாங்க."

சவரிமுத்து தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.